முப்பது அடிக்கு அரை இன்ச் ஜல்லி

எங்கள் வீட்டு முன்வழி இன்னும் வேலை முடியாமல் கிடக்கிறது என்றுதான் காலனியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிற எதிர்வீட்டு சார் கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ஜல்லியக் கொட்டி அப்படியே போட்டுட்டீங்க, எப்ப காங்கிரீட்?" என்று கேட்பார். "காங்கிரீட்டே கிடையாது சார்" என்பேன். நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்துவிட்டுப் போவார். ஒரு வருஷமாக இது நடக்கிறது. அவரும் கேட்பதை நிறுத்தவில்லை, நானும் பதிலை மாற்றவில்லை.

வீடு தாம்பரம் மேற்கில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. அப்பா கட்டியது. கீழே நான், மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம், வலது கக்கத்தில் ஒரு கட்டை, இந்த இரண்டோடும்தான் என் நடை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நின்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு என்றால் அந்தப் பெயர் அவர்களுக்கே மறந்துவிடும்.

கேட்டிலிருந்து என் வாசற்படி முப்பது அடி. அண்ணனின் கார் அந்த வழியில்தான் நிற்கும், அதனால் ஆட்டோ கேட்டோடு நின்றுவிடும். சாயங்காலம் ஆட்டோ சத்தம் கேட்டதும் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வருவார். என் இடது முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து, முப்பது அடியும் என்னை நடத்திக்கொண்டு போய் வாசலில் விடுவார். காலையில் அதே மாதிரி கேட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். அப்பா செய்துகொண்டிருந்ததை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒருநாள்கூட முகம் சுளித்தது கிடையாது. அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவளுக்கு, பாசமாகப் பிடித்த கையை உதறத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டுகிற வழக்கம் கிடையாது. அதன் மேலேயே போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு உயரும், வீடுகள் பள்ளத்துக்குப் போகும். உடனே வசதி உள்ளவர்கள் வீட்டு முன்னால் சிமெண்டைக் கொட்டி உயர்த்திக்கொள்வார்கள். அவர்கள் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும். அண்ணனும் தன் பங்குக்கு முன்வழி முழுவதும் சிமெண்ட் போட்டார். மழைக்காலத்தில் அதன்மேல் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். பிறகு பச்சைப் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அண்ணிக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் அந்தப் பாசியில் விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டை பிடிக்கிற கை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரம் தலைவாரிவிடுவதிலிருந்து குளிப்பாட்டிவிடுவதுவரை எல்லாம் அண்ணிதான் செய்தார். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு வழுக்கியது நான் இல்லை. என் கையைப் பிடித்திருந்த அண்ணன் வழுக்கினார், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு முட்டியில் ஒரு சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "தங்கச்சி விழுந்துட்டா சார், காலு சரியில்லாதவ" என்றார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த வலியில் படுத்திருக்கும்போதுதான் அவர் என்னிடம் கேட்டார். "இன்னொரு தடவ விழுந்தா வேலைய விட்டுடணும்மா. வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடு. உனக்கு நான் இருக்கேன்." மாத்திரை மயக்கத்தில் நானும் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டேன். அந்த 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது. ஒரு பாசிப் படலம் அதைத் தீர்மானிக்குமா?

கட்டு பிரித்ததும் அண்ணன் யோசனைகளோடு வந்தார். சிமெண்டை இன்னும் அரை அடி உயர்த்தி, ஓரத்தில் ஸ்டீல் கைப்பிடி வைக்கலாம். வழுக்காத டைல்ஸ் போடலாம். பேவர் பிளாக் போடலாம். டைல்ஸை நான் பாத்ரூமிலேயே நம்புவதில்லை. பேவர் பிளாக் பக்கத்து வீட்டில் போட்டிருக்கிறார்கள், முதல் வெள்ளத்திலேயே ஒரு கல் எழும்பி ஒரு கல் அமுங்கி, பல் போன வாய் மாதிரி கிடக்கிறது. அதில் கட்டை மாட்டினால் மணிக்கட்டு இல்லை, மண்டையே போகும். எனக்கு வேண்டியது தண்ணீர் நிற்காத வழி. தண்ணீர் நின்றால் பாசி, பாசி இருந்தால் அண்ணனின் கை, அந்தக் கை இருந்தால் இன்னொரு தடவை விழுவேன், விழுந்தால் வி.ஆர்.எஸ். கணக்கு அவ்வளவு எளிது.

ஜல்லி என்ற யோசனை எனக்குத் தெருவிலேயே கிடைத்தது. மூலை வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நல்ல மழையில் ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட வேண்டியதாகிவிட்டது. தெருவில் சிதறிக் கிடந்த ஜல்லியின்மேல் கட்டையை ஊன்றினேன். பிடித்துக்கொண்டது. இன்னொரு அடி வைத்தேன், அதுவும் பிடித்தது. மழை கொட்டுகிறது, கல்லுக்கு மேல் ஒரு சொட்டு நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே அண்ணனிடம் சொன்னேன்.

"ஜல்லியா? அது மேல நீ நடப்பியா?"

"ரயில் ஓடலையா அண்ணா?"

"நீ என்ன ரயிலா?"

"ஆமா" என்றேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவருக்கும் ஒரு கவலை வந்துவிட்டது. "ஜல்லியக் கொட்டிட்டா மார்கழிக்குக் கோலம் எங்க போடறது?" கேட்டுக்கு வெளியே இரண்டடி சிமெண்டை அப்படியே விட்டுவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அண்ணனைச் சம்மதிக்கவைக்க நான்கு மாதம் ஆனது. கடைசியில், "போய்ப் பாத்துட்டு வா, உனக்கே புரியும்" என்று காரை எடுத்தார்.

திருநீர்மலை ரோட்டில் ஒரு கட்டுமானப் பொருள் யார்டு. ஜல்லியும் எம்-சாண்டும் குன்று குன்றாகக் கொட்டியிருந்தது. யார்டுக்காரர் என் கட்டையைப் பார்த்துவிட்டு, பேச்சை அண்ணனிடம் ஆரம்பித்தார்.

"எந்த மாடிக்கு சார் காங்கிரீட்டு?"

"மாடிக்கு இல்ல, நடக்கறதுக்கு. என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"நடக்கறதுக்கா? ஜல்லிய வாங்கி நடக்கறதுக்கு யாரு மேடம் போடறாங்கோ?"

"நான் போடறேன். ஒவ்வொண்ணு மேலயும் நடந்து பாத்துட்டுதான் எடுப்பேன்."

புடவை எடுக்கப் போனால் நூறு புடவையைப் பிரிக்கச் சொல்கிறோம். கல்லை மட்டும் பார்த்ததும் வாங்கிவிட வேண்டுமா? ஒவ்வொரு குவியலின் ஓரத்திலும் கொஞ்சம் பரப்பிவிடச் சொன்னேன். முதலில் ஒன்றரை இன்ச். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கட்டை இறங்கியது, காலிப்பர் ஷூ சாய்ந்தது. தள்ளு. முக்கால் இன்ச், கார் டயருக்கு நன்றாக இருக்கும், எனக்கு இல்லை. அடுத்து கால் இன்ச் சிப்ஸ். பார்க்கச் சாதுவாக இருந்தது. கட்டையை ஊன்றினால் ரவையில் கரண்டி போவதுபோல் உள்ளே போனது, எடுக்க வரவில்லை.

ஒரு மூலையில் வெள்ளைக் கூழாங்கல் மூட்டை மூட்டையாக இருந்தது. அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "போடறதுதான் போடறோம், இத போட்டா ஈ.சி.ஆர். ரிசார்ட் மாதிரி இருக்கும்" என்றார். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி அதன்மேல் ஏறினேன். இரண்டாவது அடியிலேயே எல்லாக் கல்லும் உருள ஆரம்பித்தது. யார்டுக்காரர் பாய்ந்து வந்து தோளைப் பிடித்தார்.

"பாத்தியா?" என்றார் அண்ணன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"விழல. சாஞ்சேன்."

"அவர் பிடிக்கலன்னா?"

"இதுதான் ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? அதுக்குத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்கு நடந்தேன். பயந்துதான் போயிருந்தேன். அதை அவருக்குக் காட்டிக்கொள்வேனா?

அரை இன்ச் ஜல்லி கடைசியில் இருந்தது. கருநீலக் கல், எல்லாப் பக்கமும் முனை. பரப்பியதன்மேல் நின்றேன். முனையோடு முனை கோத்துக்கொண்டு கல் அசையாமல் நின்றது. கட்டை கொஞ்சம் இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். யார்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தண்ணீர் கீழே போனது, நான் நின்ற இடத்தில் நின்றேன்.

அங்கே இரும்புப் பாண்டில் ஜல்லி அள்ளி டெம்போவில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து, "நெறய போட்றாதக்கா, கால் பொதைஞ்சிரும்" என்றார். "அடில பெருங்கல்லு போட்டு, கிரஷர் பவுடர் தூவி, தண்ணி ஊத்தி நல்லா அடிச்சிரணும். அது மேல இத ரெண்டு வெரக்கடைக்குப் போடு, போதும். நாங்க தெனம் தலையில வெச்சிகினு இது மேலதானே நடக்கறோம்." அந்த யார்டில் காலுக்கு எது சரிப்படும் என்று யோசித்துப் பேசியது அவர் ஒருவர்தான். அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

வேலைக்கு வந்த மேஸ்திரி எங்கள் பகுதியில் முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். நல்ல மனிதர். பழைய சிமெண்டை உடைத்து எடுத்தார். ஒன்றரை இன்ச் கல்லைப் பரப்பி, கல்தூளான கிரஷர் பவுடரைத் தூவி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினார். ஓரம் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல்லைச் செருகினார். புதன்கிழமை சாயங்காலம் அரை இன்ச் ஜல்லியை இரண்டு விரற்கடைக்குப் பரப்பி முடித்தார். நாளைக்கு நடந்து பார்க்கலாம் என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், கேட்டில் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சிமெண்ட் மூட்டைகள். இரண்டு பேர் மண்வெட்டியோடு தயாராக நிற்கிறார்கள்.

"இன்னா மேஸ்திரி இது?" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் அவர் பாஷை வந்துவிடும்.

"காங்கிரீட்டு டீச்சர். ஜல்லி பரப்பியாச்சு இல்ல, இன்னிக்கி ஊத்திட்டா நாளிக்கி காஞ்சிரும்."

"உங்ககிட்ட காங்கிரீட் போடச் சொன்னேனா?"

அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "இதெல்லாம் சொல்லணுமா டீச்சர்? ஜல்லி போட்டா மேல காங்கிரீட்டுதானே. எந்த வூட்ல ஜல்லியோட வுட்டுகிறாங்கோ? சாரும் போட சொல்லிட்டாரு."

மேஸ்திரியைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் பரப்பிய ஜல்லி என்றால் காங்கிரீட் வரப்போகிறது என்று அர்த்தம், வெறும் ஜல்லியில் முடிகிற வேலையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்கிற சாருக்கு, என் அண்ணனுக்குத் தெரியுமே. சார் மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்.

மேஸ்திரி உட்காருவதற்காக வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் சேரைக் காட்டி, "கொஞ்சம் அந்தச் சேரைக் கொண்டாங்க" என்றேன். டீச்சர் களைத்துப்போய் வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய் எடுத்துவந்தார். நான் வழியின் நடுமத்திவரை நடந்தேன். "இங்க போடுங்க." போட்டார். காலிப்பரின் பூட்டைத் தளர்த்தி, காலை மடக்கி, ஜல்லிக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

"இப்ப ஊத்துங்க."

"இன்னா டீச்சர், பேஜார் பண்றீங்கோ. கலவ காஞ்சிரும்."

"காயட்டும்."

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. அண்ணன் கீழே வந்தார். "எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கறாங்க" என்று என் முழங்கைக்குக் கையைக் கொண்டுவந்தார்.

"கைய எடுங்கண்ணா."

என் வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கை அந்தரத்திலேயே நின்றது. "உனக்காகத்தானே எல்லாம் பண்றேன்?" என்றார்.

"அன்னிக்கு வழுக்கினது யாருண்ணா?"

மேஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டார். திடீரென்று வந்த அந்த அமைதியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷமாக... இல்லை, அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அந்த நாளை ஒரு நிமிஷம்கூட அவர் மறந்திருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நீ மறுபடி விழுந்துடக் கூடாதுன்னுதான்..."

"விழுந்தா விழறேன். என் காலால விழறேன். இந்த மழைக்காலம் முழுக்க கேட்டுலேர்ந்து வாசல் வரைக்கும் நான் தனியா நடப்பேன். ஒரு தடவ விழுந்தாலும் நானே வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன், நீங்க கேக்கவே வேண்டாம். விழலைன்னா அந்தப் பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது. கையப் பிடிக்கவும் வரக்கூடாது. சரியா?"

அண்ணன் குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "வேணாம்ப்பா, எடுத்துட்டுப் போயிடு" என்றார். கலந்த கலவையைத் தெருவில் எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த பெரிய பள்ளத்தில் கொட்டி மட்டம் செய்துவிட்டுப் போனார் மேஸ்திரி. மூன்று வருஷமாக அசோசியேஷன் மனு போட்டும் மூடாத பள்ளம் அது.

சவால் விடுவது சுலபம். மறுநாள் காலையில் தனியாகக் கதவைத் திறந்து, முதல் அடியை எங்கே வைப்பது என்று கட்டையால் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த முப்பது அடிக்கு முதல் நாள் ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். கால் வீசுகிற இடத்தில் கல் ஒதுங்கிப் பள்ளம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பல் வைத்த ஒரு வாரியால் அதைச் சமப்படுத்திக் கொடுத்தார். ஒரு மாதத்தில் கல் படிந்தது. எனக்கும் எந்தக் கோணத்தில் கட்டையை ஊன்றினால் நிற்கும் என்று பிடிபட்டது. அண்ணன் இறங்கி வரவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் மாடியில் செருப்புச் சத்தம் கேட்கும், படிக்கட்டுவரை வரும், நின்றுவிடும்.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. மத்தியானம் பிடித்தது, பள்ளிக்கூடம் விட்டபிறகும் நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து, முடிச்சூர் ரோட்டில் தத்தளித்து, ஆட்டோ எங்கள் தெருவுக்கு வரும்போது ஆறு மணி ஆகிவிட்டது. கரண்ட் இல்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். ஆட்டோக்காரர், "சார கூப்புடட்டா டீச்சர்?" என்றார்.

"வேணாம்" என்று கேட்டைத் திறந்தேன்.

என் வாசற்படியில் அண்ணன் நின்றிருந்தார். கையில் மடக்கிய குடை. அரையிருட்டில் அவர் சட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் கட்டையை ஊன்றினேன். கல் நறநறவென்று இறுகியது. காலை வீசி வைத்தேன். தெருத் தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துகொண்டிருந்தது, வந்த வேகத்தில் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் கட்டைக்கு அடியில் ஒரு கல் புரண்டது. உடம்பு வலது பக்கம் போனது. அண்ணனின் ஒரு கால் படியை விட்டு இறங்கியதைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையை இன்னொரு தடவை அழுத்தினேன். முனைகள் பிடித்துக்கொண்டன. நின்றேன். அண்ணனின் கால் திரும்பிப் படிமேல் ஏறியது.

மிச்சத்தையும் நடந்தேன். வாசற்படியில் கட்டையை வைத்தபோது தலையிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்தது. அண்ணன் விலகி வழிவிட்டார். குடை அவர் கையில் விரிக்காமலேயே இருந்தது.

"வந்துட்டியா?" என்றார்.

எந்த வீட்டிலும் சாயங்காலம் வெளியிலிருந்து வருகிறவர்களைக் கேட்கிற கேள்விதான். ஆபீசிலிருந்து வருகிறவரைக் கேட்பார்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளையைக் கேட்பார்கள். என்னை இந்த ஐம்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவருகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

"வந்துட்டேன்" என்றேன், மாடியில் இருந்த அண்ணிக்கும் கேட்கட்டும் என்று, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.